மிச்சப் பாரம்

உடம்புக்குள் இருக்கும் ஒரு உயிர்க்கலத்துக்குக் கோபம் வந்தால் அது என்ன செய்யும் என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். என் சொந்தக் கோபத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. அது எனக்கு இலவசமாகவே நிறைய வரும்.

குருதியில் ஓடுகிற வெள்ளைக் கலங்களில் ஒரு வகைக்கு விழுங்குவதுதான் தொழில். மூட்டில் அடிபட்டால் முதலில் ஓடி வருபவை அவைதான். கிருமி, செத்த இழையம், குப்பை எல்லாவற்றையும் விழுங்கி இடத்தைத் துப்புரவாக்கும். வேலை முடிந்ததும் அடங்கிப் போனால் நல்லது. சில வேளைகளில் அடங்காது. எலும்பு முனையை மூடி வழுவழுப்பாக வைத்திருக்கிற கசியிழையத்தையும் சேர்த்து அரிக்கத் தொடங்கிவிடும். கலியாண வீட்டுக்கு உதவிக்கு வந்தவர் வெறியில் பந்தலைப் பிடுங்குகிற மாதிரி.

எங்கள் ஆய்வு இதுதான்: நொண்டுகிற மாட்டின் குருதியை எடுத்து, அந்த விழுங்கும் கலங்களைப் பிரித்து, ஆய்வுகூடத்தில் சில நாள் வைத்து அடக்கி, அதே மாட்டின் முழங்காலுக்குள் திரும்ப ஊசியால் விடுவது. அடங்கிய கலங்கள் மற்றவற்றையும் அடக்குமா, கசியிழையம் திரும்ப வளருமா என்று பார்ப்பது. பாதி மாடுகளுக்கு மருந்து, பாதி மாடுகளுக்கு வெறும் உப்புத்தண்ணீர். எதற்கு எது போனது என்பது பேராசிரியை அன்ரனிட்டா ஒருவருக்குத்தான் தெரியும். ஊசி போடுகிற எனக்கே தெரியாது. தெரிந்தால் என் கண் எனக்கு விருப்பமானதைத்தான் பார்க்கும்.

"உனக்கே உன்ரை கோபத்தை அடக்கத் தெரியாது. நீ மாட்டின்ரை கோபத்தை அடக்கப் போறியோ, பிரியவதனி?" என்று அம்மா கேட்டார். நான் கோபித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஆய்வில் இருந்தவை எல்லாம் கறவைப் பசுக்கள். சவாரி மாடு ஒன்றே ஒன்று. சரவணை ஊர்த் தியாகலிங்கம் அண்ணையின் சிவலை.

சவாரி மாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது தனி மாடு இல்லை. சோடி. ஒரு நுகத்தின் இரண்டு பக்கமும் கன்றிலிருந்தே பூட்டிப் பழக்கி, ஒன்றாய்த் தீனி வைத்து, ஒன்றாய்க் குளிப்பாட்டி, வண்டியில் பூட்டித் திடலில் பந்தயத்துக்கு ஓட விடுவார்கள். சிவலை இடப் பக்கம், கறுவல் வலப் பக்கம். போன வருடம் வேலணைத் திடலில் சிவலை இடறி விழுந்து வலது முன்னங்கால் முழங்கால் வீங்கிப் போனது. அன்றிலிருந்து நொண்டல்.

முதல் நாளே தியாகலிங்கம் அண்ணை எனக்கு ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"டொக்டர், நான் உள்ளதைச் சொல்லுறன். ஓடினால் இவன் இஞ்சை நிப்பான். ஓடாட்டி லொறியிலை ஏத்துறதுதான். கறுவலைக் காரைநகர்ப் பொடியன் ஒருத்தன் தன்ரை மாட்டுக்குச் சோடியாக் கேட்டுக்கொண்டு நிக்கிறான்."

"இறைச்சிக்கோ அனுப்பப் போறியள்? அண்ணை, வளர்த்த மாடெல்லே?"

"வளர்த்ததாலைதான் சொல்லுறன். அது நொண்டுறதை என்னாலை பாத்துக்கொண்டிருக்க ஏலாது. காலமை எழும்பினால் முதல் அதுதான் கண்ணிலை படுது. சோறு இறங்குதில்லை."

எனக்கு அவரில் எரிச்சல் வந்தது. பார்க்க முடியவில்லை என்றால் கண்ணை மூடுவதுதானே, மாட்டை ஏன் முடிக்க வேண்டும்? ஆனால் அவர் சிவலையின் நெற்றியைச் சொறிந்துகொண்டே அதைச் சொன்னார். அந்தக் கை மெத்தென்று இருந்தது. மனிதர்களை ஒரு பக்கமாய்ப் பிடித்து வைத்துக் கோபிக்க முடிவதில்லை என்பது எனக்கு எப்போதும் பெரிய தொல்லை.

ஊசி போட்டோம். அதன் பிறகு தவறாமல் மண்டைதீவு வழியாக வான் வண்டியில் போய் இரண்டு சோதனை செய்தோம். ஒன்று, முழங்காலுக்குள் இருந்து சில துளி மூட்டுத் திரவம் எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. மற்றது நடை. தரையில் ஒரு நீளப் பாயை விரிப்போம். அதற்குள் உணரிகள் இருக்கின்றன. மாடு அதில் நடந்தால் எந்தக் கால் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று லப்டொப்பில் காட்டும். நொண்டுகிற கால் பயந்து பயந்து ஊன்றும், நல்ல கால் அதற்கும் சேர்த்து ஊன்றும். இரண்டு முன்னங்காலுக்கும் உள்ள வித்தியாசம்தான் நொண்டலின் அளவு.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. சிவலை தனியாகப் பாயில் ஏறாது. தலையை ஆட்டி, கயிற்றை இழுத்து, றஜீபனின் காலை ஒரு தடவை மிதித்தும் விட்டது. றஜீபன் எங்கள் ஆய்வுகூட உதவியாளர். சத்தம் போடாமல் வலி தாங்கத் தெரியாதவர்.

"தனிய விட்டால் குழம்பும், டொக்டர். சோடியாப் பூட்டினால் நூல் பிடிச்ச மாதிரி நடக்கும்" என்றார் தியாகலிங்கம் அண்ணை.

அப்படியே செய்தோம். வண்டி இல்லை, நுகம் மட்டும். சிவலை பாயில், கறுவல் பக்கத்து மண்ணில், அண்ணை பின்னால். நூல் பிடித்த மாதிரித்தான் நடந்தது. எனக்கும் வேலை சுகமாய் முடிந்தது.

சில வாரங்களில் லப்டொப்பைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. வித்தியாசமே இல்லை. இரண்டு முன்னங்காலும் சரிசமம். தியாகலிங்கம் அண்ணை துள்ளினார். அடுத்த மாதச் சவாரிக்குப் பெயர் கொடுத்தும் விட்டார். நானும் உள்ளுக்குள் துள்ளினேன், பொய் சொல்லக் கூடாது.

ஆனால் மூட்டுத் திரவம் வேறு கதை சொன்னது. நல்ல மூட்டின் திரவம் முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாய் இழுபடும். சிவலையினுடையது கலங்கித் தண்ணீராய் இருந்தது. நுணுக்குக்காட்டியில் விழுங்கும் கலங்கள் ஊதிப் பெருத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. இப்படிப்பட்ட மூட்டை வைத்துக்கொண்டு ஒரு மாடு நேராய் நடக்கவே முடியாது.

"வெயிலிலை கொண்டு வந்ததிலை பழுதாப் போயிருக்கும்" என்றார் றஜீபன்.

பேராசிரியையும் தொலைபேசியில் அதையே சொன்னார். ஐஸ் கூடக் கட்டிக் கொண்டு போனேன். அடுத்த முறையும் அதே கலங்கல்தான். நடையும் அதே சரிசமம்தான். கால் சுகம் என்கிறது பாய். இல்லை என்கிறது மூட்டு. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எனக்கு இப்படி ஒன்று கிடைத்துவிட்டால் சாப்பாடு வேண்டாம், கதை வேண்டாம், வீட்டில் யாரும் என்னோடு பேசவும் வேண்டாம்.

பாயின் கணக்கைத் திரும்பப் புரட்டினேன். இவ்வளவு நாளும் இடது, வலது வித்தியாசத்தை மட்டும்தான் பார்த்து வந்தோம். அன்று முதன்முதலாக நாலு காலின் பாரத்தையும் கூட்டினேன். மாட்டின் நிறை எங்களுக்குத் தெரியும். கூட்டினால் அந்த நிறை வர வேண்டும். வரவில்லை. ஏறக்குறைய ஒரு அரிசி மூடையின் பாரம் குறைந்தது.

மாடு மெலியவில்லை. அப்படியென்றால் மிச்சப் பாரம் எங்கே?

மறுநாள் சரவணைக்குப் போனதும் பாயில் றஜீபனை ஏற்றினேன்.

"பாய் பழுதோ எண்டு பாப்பம். நடவுங்கோ."

நடந்தார். லப்டொப் அவருடைய நிறையைக் காட்டியது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு முகம் கறுத்தார்.

"பாய் பழுதுதான்" என்றார்.

"பாய் சரி. நீங்கள்தான் காலமைச் சாப்பிடுற புட்டைக் குறைக்க வேணும்."

தியாகலிங்கம் அண்ணையின் மனைவி இலட்சுமிப்பிள்ளை அக்கா குசினி வாசலில் நின்று சிரித்தார். றஜீபன் அன்று தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சிவலையையும் கறுவலையும் பூட்டினார்கள். நான் எப்போதும் நிற்பது சிவலையின் பக்கத்தில், பாயின் ஓரத்தில். பின்னால் அண்ணை. முன்னால் யாரும் நிற்பதில்லை. பூட்டிய சவாரி மாட்டுக்கு முன்னால் நின்றால் அதன் ஓட்டம் மறிபடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. சின்னப் பிள்ளைகள்கூடச் சுற்றித்தான் போவார்கள். நானும் ஊரோடு ஒத்துப் போயிருந்தேன். எனக்கு அது அபூர்வமான குணம், அதுவும் தப்பான இடத்தில் வந்து வாய்த்தது.

அன்று நடை தொடங்கியதும் நான் ஓடிப் போய் முன்னால் நின்றேன்.

"டொக்டர்! முன்னுக்கு நிக்காதையுங்கோ! சவாரி வருகுது!" என்று அண்ணை கத்தினார்.

"கொஞ்சம் பொறுங்கோ. வரட்டும்."

முன்னால் இருந்து பார்த்தேன். நுகம் சரிந்திருந்தது. கறுவலின் பக்கம் உயரம், சிவலையின் பக்கம் தாழ்வு. கறுவல் கழுத்தை விறைத்துத் தூக்கி, தோளைச் சிவலையின் பக்கம் சாய்த்து, நுகத்தைச் சுமந்துகொண்டு வந்தது. சிவலையின் கழுத்து, நுகத்தோடு சேர்த்துக் கட்டுகிற பூட்டாங்கயிற்றில் தொங்கியது. தன் முன்னுடம்பின் பாரத்தை அந்தக் கயிற்றில் போட்டுவிட்டு, இரண்டு முன்னங்காலையும் ஒரே மாதிரி மெதுவாய் ஊன்றி ஊன்றி, சொகுசாய் வந்தது. கறுவலின் கண் பிதுங்கி வாயோரம் நுரை தள்ளியிருந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அரிசி மூடை அங்கே போயிருந்தது. பாய் பொய் சொல்லவில்லை. பாயில்லாத மண்ணில் நடந்த மாட்டை நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணை, நுகத்தைக் கழட்டுங்கோ. சிவலை தனிய நடக்க வேணும்."

"அது குழம்பும் எண்டு சொன்னனான்தானே."

"குழம்பட்டும். இண்டைக்கு நான் போகமாட்டன்."

கழற்றினார். கறுவலை வேலிக்கு அப்பால் கொண்டு போய்க் கட்டச் சொன்னேன். சிவலை வெகு நேரம் அசையவில்லை. பிறகு ஒரு அடி வைத்தது. வலது முன்னங்கால் நிலத்தில் பட்டதும் தலை விசுக்கென்று மேலே போனது. அடுத்த அடிக்கும் அப்படியே. போன வருடத்து நொண்டல், ஒரு இம்மியும் குறையாமல்.

தியாகலிங்கம் அண்ணையின் முகம் செத்துப் போனது. பிறகு சிவந்தது.

"நீர் என்ன செய்தனீர்? நேற்று மட்டும் நேரா நடந்த மாடு. நீர் முன்னுக்கு வந்து நிண்டு மறிச்சுப்போட்டீர்!"

நீங்கள் என்று பேசியவர் நீர் என்பதற்கு இறங்கியிருந்தார். வழக்கமாக நான் அதற்கு மேல் இறங்குவேன். அன்று வேலிப் பக்கம் கையை நீட்டினேன்.

"கறுவலின்ரை கழுத்தைப் பாருங்கோ, அண்ணை."

வேலிக்கு அப்பால் போய்ப் பார்த்தார். நுகம் படுகிற இடத்தில் மயிர் போய், தோல் தடித்து, நடுவில் சிவந்த புண். அதில் வேப்பெண்ணெய் பூசியிருந்தது.

"நுகம் அரைக்குதெண்டு நினைச்சன்" என்றார் மெல்ல. "சீவிச் சீவிப் பாத்தனான். சீவ வேண்டியது நுகமில்லையே."

அப்படியே மண்ணில் குந்திவிட்டார். கறுவல் அவருடைய தோளை நக்கியது. அவர் அழுதார். மறைக்கவும் முயலவில்லை. எனக்கும் அழுகை வந்தது. றஜீபன் பாயைச் சுருட்டுகிற சாட்டில் திரும்பி நின்றார்.

அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்டு சொல்லுங்கோ, டொக்டர். சிவலைக்குப் போட்டது மருந்தோ, உப்புத்தண்ணியோ?"

"எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சு சொல்லுங்கோ. உப்புத்தண்ணியெண்டால், இனி மருந்தைப் போட்டுப் பாக்கலாம். நான் வைச்சிருப்பன். மருந்து போட்டும் இப்பிடித்தானெண்டால்..." அவர் சிவலையின் பக்கம் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை காரைநகர்ப் பொடியன் லொறியோடை வாறான்."

ஆய்வின் நடுவில் அந்த இரகசியத்தைத் திறக்கக் கூடாது. ஆனால் இந்த மாட்டின் நடைக் கணக்கு முழுவதும் இனிச் செல்லாது. அது ஆய்விலிருந்து விலகியாகிவிட்டது. பேராசிரியையை அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர், "நுகத்தைப் படம் எடுத்தனீரோ?" என்று கேட்டார். ஆராய்ச்சிக்காரர்களுக்கு நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் கமரா இருக்கிறது. எனக்கும்தான்; எடுத்திருந்தேன். அதன் பிறகு அவர் தன் கணினியைத் திறந்து பார்த்துச் சொன்னார்.

மருந்து.

தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் இருந்தேன். உப்புத்தண்ணி என்று சொன்னால் போதும். ஒரு சொல். சிவலை பிழைத்துவிடும். யாரும் வந்து என்னைக் கேட்கப் போவதில்லை. அந்தச் சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் அதே ஊசிக்காக இன்னும் எத்தனையோ வீட்டுக் கொட்டிலில் நொண்டிக்கொண்டு மாடுகள் நிற்கின்றன. ஒரு வீட்டில் பொய் சொல்லிவிட்டு அடுத்த வீட்டில் எந்த முகத்தோடு மருந்து என்று சொல்வது?

"மருந்துதான் போட்டது, அண்ணை."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஆனால் ஒண்டு கேளுங்கோ. பாரம் சுமக்கிற மூட்டிலைதான் கசியிழையம் வளரும். இந்தக் கால் இவ்வளவு நாளும் பாரமே சுமக்கேல்லை. கறுவல் சுமந்துபோட்டான். உள்ளை போன கலங்கள் வேலை செய்யேல்லையோ, இல்லாட்டி வேலை செய்ய விடேல்லையோ, எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. தனிய நடத்திப் பாத்தால்தான் தெரியும்."

"தனிய நடந்தால் நொண்டும்."

"ஓம். நெடுக நொண்டும். நீங்கள் பாக்கவேண்டி வரும்."

அவர் கறுவலின் புண்ணில் மொய்த்த ஈயை விரட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. இருந்தும் போனேன். காரைநகர் டினேஷ் சின்ன லொறியில் தன் வெள்ளை மாட்டோடு வந்து இறங்கியிருந்தான். கறுவலைத் தன் மாட்டுக்குப் பக்கத்தில் பூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுவதாக ஏற்பாடு. போகிற வழியில் சிவலையையும் ஏற்றிக்கொண்டு போய் இறைச்சி யாவாரியிடம் விடுவதாகவும் சொல்லியிருந்தான். லொறியின் பின் கதவு திறந்தே கிடந்தது. இலட்சுமிப்பிள்ளை அக்கா வெளியே வரவில்லை.

கழுத்துப் புண்ணில் சீலை வைத்துக் கறுவலைப் பூட்டினார்கள். சத்தம் வைத்து அரட்டியதும் வெள்ளை மாடு முன்னே பாய்ந்தது. கறுவல் வழக்கம்போலக் கழுத்தை விறைத்து நுகத்தைத் தூக்கியது. தோளைப் பக்கத்து மாட்டில் சாய்த்தது. ஒரு நோவும் இல்லாத அந்த வெள்ளை மாட்டுக்கு இது என்ன கூத்து என்று விளங்கவில்லை. அது திமிறியது, உதறியது, கடைசியில் இரண்டும் குறுக்கே திரும்பிப் பூவரச வேலியில் போய் முட்டி நின்றன. திரும்பவும் விட்டுப் பார்த்தார்கள். திரும்பவும் கறுவல் தூக்கியது.

டினேஷ் நெற்றியைத் துடைத்தான்.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. இது கழுத்தைத் தூக்குது. பக்கத்து மாட்டிலை விழுந்து சாயுது. ஓட்டத்துக்கு உதவாது. எனக்கு வேண்டாம்."

"சரி, தம்பி."

"அப்ப நொண்டியை ஏத்தவோ? லொறி சும்மாதானே போகுது."

தியாகலிங்கம் அண்ணை கறுவலின் பூட்டாங்கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்து முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"இவன் கழுத்துப் புண்ணாகத் தூக்கித் திரிஞ்ச சிவலையை நான் லொறியிலை ஏத்தி விடுறதோ? என்னாலை ஏலாது. நீ வெறுமனே போ, தம்பி."

டினேஷ் என்னைப் பார்த்தான், ஏதோ நான்தான் செய்வினை செய்தவள் போல. லொறி போன பிறகு குசினிக்குள் மூக்கைச் சீறுகிற சத்தம் கேட்டது. பிறகு தேத்தண்ணி வந்தது. வழக்கத்தைவிட இனிப்பாக இருந்தது.

இரண்டையும் வேறு வேறு கொட்டிலில் கட்டச் சொல்லிவிட்டு வந்தேன். கறுவல் முதல் நாள் முழுவதும் கத்தியதாம், தீனி தொடவில்லையாம். "இரவிரவாத் திட்டினனான்" என்று அண்ணை தொலைபேசியில் சொன்னார். யாரை என்று நான் கேட்கவில்லை.

சவாரி நாளன்று ஊர் முழுக்க வேலணைத் திடலில் இருந்தது. ஒலிபெருக்கிச் சத்தம் சரவணை வரைக்கும் வந்தது. நான் போனபோது வீட்டு வளவில் ஒருவரும் இல்லை. குளக்கரையை ஒட்டிப் போகிற குறுகலான ஒழுங்கையில் தியாகலிங்கம் அண்ணை சிவலையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்தார். மாடு ஒவ்வொரு அடிக்கும் தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் அதன் முழங்காலைப் பார்த்தபடியே நடந்தார். காலை ஊன்றுகிற நேரமெல்லாம் அவருடைய தாடையும் இறுகியது.

திரவத்தை எடுத்தேன். ஊசிக்குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கலங்கல்தான். ஆனால் நுனித்துளி விழாமல் கொஞ்சம் இழுபட்டது. அது கலங்களின் வேலையா, நடையின் வேலையா, என் ஆசையின் வேலையா என்று எனக்குத் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க இன்னும் எத்தனை மாடு, எத்தனை ஒழுங்கை வேண்டுமோ. நினைக்க எனக்குப் பசி மறந்தே போனது.

அப்போது திடலுக்குப் போகிற இரண்டு பொடியள் மோட்டார் சைக்கிளில் வந்து வேகத்தைக் குறைத்தார்கள். பின்னால் இருந்தவன் சிரித்தான்.

"என்ன அண்ணை, சவாரி அங்கையெல்லே? நீங்கள் நொண்டி மாட்டோடை இஞ்சை என்ன செய்யிறியள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தியாகலிங்கம் அண்ணை கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, சிவலையை ஒழுங்கையின் நடுவுக்கு விட்டார்.

"ஓம் தம்பி, நொண்டுறான். தன்ரை காலிலை நடக்கிறான். கொஞ்சம் விலத்திப் போங்கோ."